ஒரு நட்டைக் கழற்ற...

சில வருடங்களுக்கு முன்னால் ஒருநாள். ராத்திரி பதினோரு மணி. திண்டிவனத்தைத் தாண்டியதும் கார் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இருந்தது. வீல் ஸ்பேனரும் இருந்தது. நட்டு மட்டும் அசைய மறுத்தது.

கையால் அழுத்தினேன். காலால் மிதித்தேன். கடைசியில் என் எழுபத்தெட்டு கிலோவையும் அந்த ஸ்பேனர்மேல் ஏற்றி நின்றேன். 'டக்!' கழன்றுவிட்டது என்று நான் சந்தோஷப்பட, கூட வந்த நண்பர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நட்டு கழலவில்லை. அது மாட்டியிருந்த ஸ்டட்டே முறிந்து கையோடு வந்திருந்தது.

முதல் நாள்தான் ஒரு டயர் கடையில் சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். அங்கிருந்த பையன் ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று ரொம்ப நேரம் முறுக்கினான். "இனிமே அசையாது சார்" என்றான்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டான்.

இந்தப் பழைய கதை இப்போது ஞாபகத்துக்கு வரக் காரணம், என் அக்கா மகன். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக கார் மெக்கானிக் ஷெட் போடுகிறான். பாங்க் லோன். அது போதாமல் அக்காவின் வளையல்கள். கையில் ஒரு லிஸ்ட்டோடு வந்து நின்றான்.

"மாமா, கார்டுலெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் ஒண்ணு வாங்கணும். மூணு கொட்டேஷன் இருக்கு. எதுல டார்க் ஜாஸ்தியோ அதையே எடுத்துடலாமா?"

நான் படித்தது பி.காம். நட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்று மேலே பார்த்தீர்கள். ஆனால் கணக்குப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதில் பணம் போடுவதானாலும் அதன் பழைய வரவு செலவைப் புரட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. புரட்டினேன். அது அமெரிக்காவில் ஆரம்பித்து, விண்வெளி வரைக்கும் போய்வந்தது!

*

1910. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். டங்கன் பிளாக், அலோன்ஸோ டெக்கர் என்று இரண்டு இளைஞர்கள். சொந்தமாக ஒரு பட்டறை போட வேண்டும். முதல்? பிளாக் தன் காரை விற்று 600 டாலர் கொண்டுவந்தார். டெக்கர் கடன் வாங்கி இன்னொரு 600. ஆக மொத்தம் 1,200 டாலர். பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி பிறந்தது இப்படித்தான். (அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் லேசாகத் தெம்பு வந்தது.)

அதுவரைக்கும் எலெக்ட்ரிக் டிரில் என்றால் பெரிய சுமை. இவர்கள் அதற்குத் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி வைத்தார்கள். விரலால் இழுக்க ஒரு விசை. 1917ல் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைக்கு எந்தக் கடையில் எந்தக் கம்பெனி டிரில்லையோ ரெஞ்சையோ எடுத்தாலும், அந்தத் துப்பாக்கிப் பிடிதான்.

ஆனால், நட்டைக் கழற்ற அது போதாது. ஏன்?

நியூட்டனின் மூன்றாம் விதி. மெஷின் நட்டை எவ்வளவு பலமாகத் திருப்புகிறதோ, அதே பலத்தில் நட்டு மெஷினைத் திருப்பிவிடும். நட்டு துருப்பிடித்து உட்கார்ந்திருந்தால் சுற்றப்போவது உங்கள் மணிக்கட்டுதான்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் ராபர்ட் பாட். இண்டியானா மாநிலத்தின் எவான்ஸ்வில் ஊர்க்காரர். 1930களில் அவர் செய்த வேலை எளிமையானது. நம் ஊர்க் கொல்லரைக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்: திருகாதே, அடி!

மெஷினுக்குள்ளே கனமான ஒரு சுத்தியல். அது சுற்றிக்கொண்டே இருக்கும். எதிரே பட்டறைக் கல் மாதிரி இன்னொரு துண்டு. அதன் நுனியில்தான் நட்டைப் பிடிக்கிற சாக்கெட்டை மாட்டுவார்கள். நட்டு இறுகி நின்றதும், சுத்தியல் வேகமெடுத்து வந்து கல்லைப் பக்கவாட்டில் அடிக்கும். விலகும். மறுபடி வேகமெடுக்கும். மறுபடி அடி. இன்றைய மெஷின்களில் நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் அடிகள்.

அடி மொத்தமும் நட்டுக்கு. கைக்கு வருவது சுத்தியலை வேகமெடுக்க வைக்கிற சின்ன உதறல் மட்டுமே. ஏர் கன்னின் 'டர்ர்ர்' சத்தம் மோட்டார் சத்தம் கிடையாது. உள்ளே சுத்தியல் அடிக்கிற சத்தம்!

இங்கர்சால் ராண்ட் போன்ற கம்பெனிகள் காற்றில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சுகளைச் செய்து விற்க ஆரம்பித்தன. கார் பட்டறைகளில் அதன் ராஜ்ஜியம் பல்லாண்டு காலம் நடந்தது. ஒரே கஷ்டம், காற்று வேண்டும். காற்றுக்குக் கம்ப்ரஸர் வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து ஒரு ஹோஸ். ஹோஸ் எட்டுகிற தூரம்தான் மெக்கானிக்கின் உலகம்.

அந்த வாலை அறுக்க வேண்டிய அவசரம் பட்டறைக்கு இல்லை. விண்வெளிக்கு இருந்தது.

*

1961ல் பிளாக் அண்ட் டெக்கர், நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடும் ஒயர் இல்லாத டிரில்லை வெளியிட்டது. சில வருடங்களில் அமெரிக்க விண்வெளித் திட்டத்துக்காக ஒரு வேலை வந்து சேர்ந்தது. எடையற்ற வெளியில் மிதக்கிற ஒருவர் ஒரு போல்ட்டைத் திருகினால் என்ன ஆகும்? போல்ட் நிற்கும், அவர் சுற்றுவார். காலை ஊன்றத் தரை கிடையாதே. ஆகவே, சுற்றாமல் அடிக்கிற, ஒயர் இல்லாத ஒரு ரெஞ்ச் வேண்டும்.

செய்தார்கள். பேட்டரியும் இம்பாக்ட்டும் ஒன்றாகச் சேர்ந்த கருவி. அதை ஜெமினி 8 விண்கலத்தில் ஏற்றினார்கள். வெளியே மிதந்து அதைச் சோதிக்க வேண்டியவர் டேவிட் ஸ்காட். கலத்தின் தலைவர் நீல் ஆம்ஸ்ட்ராங்.

1966 மார்ச் 16. கலம் மேலே போனது. ஏற்கெனவே அனுப்பியிருந்த ஆஜினா என்ற கலத்தோடு வெற்றிகரமாக இணைந்தது. சரித்திரத்தில் முதல் முறை. அரை மணி நேரம்கூட சந்தோஷம் நீடிக்கவில்லை. ஜெமினியின் சின்ன ராக்கெட் ஒன்று அணையாமல் எரிய ஆரம்பித்து, கலம் பம்பரமாகச் சுற்றத் தொடங்கியது. ஆஜினாவைக் கழற்றிவிட்டார்கள். சுற்றல் இன்னும் அதிகமானது. விநாடிக்கு ஒரு சுற்று! கண் இருட்டும் நிலையில் ஆம்ஸ்ட்ராங், பூமிக்குத் திரும்பும்போது பயன்படுத்த வேண்டிய ராக்கெட்டுகளை எடுத்து ஓட்டிச் சமாளித்தார். அவற்றைத் தொட்டால் உடனே இறங்கிவிட வேண்டும் என்பது விதி. பதினொரு மணி நேரத்துக்குள் பசிபிக் கடலில் இறங்கிவிட்டார்கள்.

சுற்றாமல் இருப்பதற்கென்றே செய்த ரெஞ்ச், சுற்றிய கலத்துக்குள்ளேயே பயன்படாமல் போனது.

அதே வருடம் செப்டம்பரில் ஜெமினி 11. இந்த முறை ரிச்சர்ட் கோர்டன். வெளியே வந்தவர் வேறு வேலைகளிலேயே களைத்துப் போனார். வியர்வை கண்ணை மறைத்தது. 33 நிமிடத்தில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ரெஞ்சுக்கு மறுபடியும் வேலை வரவில்லை.

டேவிட் ஸ்காட்டை விதி விடவில்லை. 1971, அப்போலோ 15. நிலவின் தரையில் துளை போட, அதே பிளாக் அண்ட் டெக்கர் உருவாக்கத்தில் பங்கெடுத்த பேட்டரி டிரில். இதுவும் அடித்துக்கொண்டே சுற்றுகிற வகை. பிடித்தவர் ஸ்காட். மோட்டாரில் குறை இல்லை. ஆனால் துளைக்கும் தண்டின் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில், மண்ணை மேலே தள்ளவேண்டிய புரி சரியாக இல்லை. மண் அடைத்துக்கொண்டு, வேண்டிய ஆழத்துக்குப் போகாமலே நின்றது. மண் மாதிரி எடுக்க இறக்கிய இன்னொரு தண்டு 2.4 மீட்டர் ஆழம் போய்ச் சிக்கிக்கொண்டது. மறுநாள் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து, தோள்பட்டை வலிக்க வலிக்க அதைப் பிடுங்கி எடுத்தார்கள்.

அடுத்த பயணத்துக்கு நாசா அந்தத் தண்டைத்தான் மாற்றிச் செய்தது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அக்கா மகனுக்கு போன் போட்டேன். "டேய், மெஷினுக்கு மாட்டுற சாக்கெட் என்ன வெச்சிருக்கே?"

"பழைய பாக்ஸ் செட்டு இருக்கு மாமா. பளபளன்னு குரோம்."

அதை மாட்டாதே என்றேன். கையால் திருகுவதற்கான குரோம் சாக்கெட், நிமிடத்துக்கு இரண்டாயிரம் அடியைத் தாங்காது. உடைந்தால் சில்லு கண்ணுக்கு வரும். இதற்கென்றே கருப்பாக, கொஞ்சம் தடிப்பாக, இம்பாக்ட் சாக்கெட் என்று விற்கிறார்கள். லிஸ்ட்டில் அது இல்லவே இல்லை. சேர்க்க வைத்தேன்.

*

விண்வெளிக்குப் போன கருவி, கார் பட்டறைக்கு வர ஏன் இவ்வளவு தாமதம்?

பேட்டரி. நிக்கல் காட்மியம் செல் ஒன்று தருவது 1.2 வோல்ட். பதினெட்டு வோல்ட் வேண்டுமென்றால் பதினைந்து செல். கை வலிக்கும். 1991ல் சோனி கம்பெனி லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட். ஐந்தே செல்லில் பதினெட்டு! இதன் பின்னால் உழைத்த குட்எனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019ல் நோபல் பரிசு கிடைத்தது. 2005ல் மில்வாக்கி, மகிடா கம்பெனிகள் லித்தியம் பேட்டரிக் கருவிகளை இறக்கின. பிறகு கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்கள் வந்து சேர்ந்தன. தேயும் பாகம் குறைவு, ஒரே சார்ஜில் அதிக வேலை. காற்று ஹோஸின் ராஜ்ஜியம் ஆட்டம் கண்டது அப்போதுதான்.

கூடவே விளம்பரக்காரர்களும் வந்தார்கள். ஒரு பெட்டியில் 18 வோல்ட் என்று இருக்கும். பக்கத்துப் பெட்டியில் '20 வோல்ட் மேக்ஸ்'. இரண்டு வோல்ட் ஜாஸ்தியா? கிடையவே கிடையாது. உள்ளே அதே ஐந்து செல். முழுசாகச் சார்ஜ் ஏறிய நேரத்தில் செல் நான்கு வோல்ட் காட்டும், ஐந்நான்கு இருபது. வேலை செய்யும்போது அதுவும் பதினெட்டுதான்.

டார்க் கதையும் அப்படியே. மில்வாக்கியின் ஒரு பெரிய மாடலுக்கு இறுக்கும் விசை 1,000 அடி-பவுண்ட், கழற்றும் விசை 1,400 அடி-பவுண்ட் என்று இரண்டு கணக்கு. பெட்டியில் பெரிய எழுத்தில் வருவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொட்டேஷனில் இருப்பது கழற்றும் கணக்காகவும், இன்னொன்றில் இறுக்கும் கணக்காகவும் இருந்தால், ஒப்பிட்டு என்ன பிரயோஜனம்?

சரி, ஒரு சின்ன காரின் சக்கர நட்டுக்கு எவ்வளவு விசை வேண்டும்? பெரும்பாலும் 85லிருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள். 1,400 அடி-பவுண்ட் என்பது கிட்டத்தட்ட 1,900 நியூட்டன் மீட்டர். கொசுவுக்குப் பீரங்கி! லாரி சக்கரம் கழற்றுபவருக்கு அது வேண்டும். கார் ஷெட்டுக்கு எதற்கு? துருப்பிடித்த நட்டுக்கு இறுக்கியதைப்போல மூன்று நான்கு மடங்கு தேவைப்படும் என்று வைத்துக்கொண்டாலும், நடுத்தர மெஷினே தாராளம். பெரிய மெஷின் கனம். நீளமும் அதிகம் என்பதால் இன்ஜின் சந்துகளில் நுழையாது.

*

கடைசியில் நாங்கள் போட்ட கணக்கு இது. மூன்றில் நடுவாந்தரமான மெஷின். அரை அங்குல முனை. பிரஷ் இல்லாத மோட்டார். வேகத்தைக் குறைத்து வைக்க வசதி. ஒன்றுக்கு இரண்டு பேட்டரி, ஒன்று சார்ஜில் இருக்கும்போது இன்னொன்று வேலை செய்யும். அதே பேட்டரி, நாளைக்கு அவன் வாங்கப்போகும் டிரில்லுக்கும் கிரைண்டருக்கும் பொருந்த வேண்டும். வாங்குவது ஒரு மெஷின் இல்லை, ஒரு பேட்டரிக் குடும்பம். சர்வீஸ் சென்டர் அவன் ஊரிலேயே இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொண்டோம்.

பெரிய மெஷினை விட்டதில் கொஞ்சம் பணம் மிஞ்சியது. அதில் கருப்பு சாக்கெட் செட்டும், கையால் இறுக்குகிற ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கச் சொன்னேன். வேண்டிய அளவை வைத்துத் திருகினால், அந்த இடம் வந்ததும் 'டக்' என்று சொல்லிவிடும். அதற்குமேல் அழுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

"இது எதுக்கு மாமா? மெஷினே டைட் பண்ணிடுமே" என்றான்.

அவனுக்குத் திண்டிவனம் கதையைச் சொன்னேன். "கழட்டுறதுக்கு மெஷின். மாட்டுறப்போ கையால நாலு மறை ஏத்திட்டு, லேசா மெஷினக் காட்டி, கடைசி முறுக்கு இதுலதான் போடணும். உன் கடையில வீல் மாட்டிட்டுப் போறவன், ராத்திரி பதினோரு மணிக்கு ரோட்ல நின்னு உன்னைத் திட்டக் கூடாது."

போன வாரம் ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஒரு கார் ஜாக்கியில் நின்றது. மெஷின் 'டர்ர்ர்' என்றது, ஒரே நிமிடத்தில் சக்கரம் கீழே. வேலை முடிந்து மறுபடி மாட்டினான். வண்டியை இறக்கிவிட்டு டார்க் ரெஞ்சை எடுத்தான். எதிரெதிர் நட்டாக ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டக்'.

வண்டிக்காரர் பொறுமையில்லாமல் கேட்டார்: "இன்னும் டைட்டா வைக்கலாமே தம்பி?"

"வேண்டாம் சார். நீங்க கழட்டணும்ல?" என்றான்.