வணிகச் சின்னம்: இந்தியாவில் பதிவும் பாதுகாப்பும்

கடைத்தெருவில் டிரேட் மார்க் என்றும் பிராண்டு என்றும் வழங்கப்படும் வணிகச் சின்னம், ஒருவரது சரக்கையோ சேவையையோ மற்றவருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். பெயர், எழுத்து, எண், படம், நிறச் சேர்க்கை, பொட்டலத்தின் அமைப்பு, பொருளின் வடிவம், ஒலி எல்லாமே வணிகச் சின்னமாக இருக்கலாம். வாங்குபவர் முன்பு வாங்கிப் பிடித்துப்போன அதே பொருளை மறுபடி தேடி எடுக்க உதவுவதே அதன் வேலை. ஆகவே சின்னத்தைக் காக்கும் சட்டம் வணிகரின் உழைப்பைக் காப்பதோடு, வாங்குபவர் ஏமாறாமலும் காக்கிறது.

இந்தியாவில் இதற்கென முதல் தனிச் சட்டம் 1940இல் வந்தது. அதன் இடத்தை 1958ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்தது. இப்போது நடப்பில் இருப்பது 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம். 2003 செப்டம்பர் 15 முதல் அது அமலில் உள்ளது. விண்ணப்ப நடைமுறைகளை 2017ஆம் ஆண்டு விதிகள் வகுக்கின்றன. வணிகச் சின்னப் பதிவகத்தின் தலைமை அலுவலகம் மும்பையிலும், கிளைகள் சென்னை, டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத் ஆகிய நகரங்களிலும் உள்ளன. தென் மாநிலங்களின் விண்ணப்பங்கள் சென்னைக் கிளைக்கு உரியவை.

உரிமை எங்கே பிறக்கிறது

பதிவுச் சான்றிதழ்தான் உரிமையைத் தருகிறது என்று வணிகர் பலர் எண்ணுகிறார்கள். இந்தியச் சட்டத்தில் உரிமையின் வேர் பயன்பாடு. ஒரு பெயரை முதலில் சந்தையில் இறக்கி, தொடர்ந்து நடத்தி, நற்பெயர் ஈட்டியவருக்குப் பதிவு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. பிற்பாடு வந்த ஒருவர் அதே பெயரைப் பதிவு செய்துகொண்டாலும் முந்தைய பயனாளரைத் தடுக்க முடியாது என்று சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது.

இந்தக் கொள்கையை உச்ச நீதிமன்றம் 2015இல் தெளிவாக நிலைநிறுத்திய வழக்கு திருநெல்வேலியில் பிறந்தது. நெல்லையப்பர் கோயிலுக்கு அருகே மங்கலான வெளிச்சத்தில் நடந்த அல்வாக் கடைக்கு மக்களே இட்ட பெயர் ‘இருட்டுக்கடை’. 1900 முதலே தங்கள் வணிகம் நடந்துவருவதாகச் சொன்ன அக்கடைத் தரப்பு ‘இருட்டுக்கடை அல்வா’ என்ற சின்னத்தைப் பதிவு செய்திருந்தது. ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்ற பெயரில் விற்ற எதிர்த்தரப்பும் தன்னிடம் பதிவு இருப்பதாக வாதாடியது. பதிவு பெற்ற இருவர் ஒருவர்மீது ஒருவர் மீறல் வழக்குத் தொடர முடியாது என்பது 28ஆம் பிரிவின் விதி. ஆனால் தன் சரக்கை இன்னொருவரின் சரக்குபோல் காட்டி விற்கும் ‘பாசிங் ஆஃப்’ குற்றச்சாட்டுக்குப் பதிவு ஒரு கேடயம் ஆகாது. முந்தைய பயனாளரின் உரிமை பிந்தையவரின் பதிவைவிட மேலானது என்று நீதிமன்றம் தீர்த்தது. எதிர்த்தரப்பின் மேல்முறையீடு தள்ளுபடியானது. தமிழ்நாட்டில் தலைமுறைகளாகப் பெயரெடுத்த சிறு கடைகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தீர்ப்பு பெரிய பலம்.

அப்படியானால் பதிவு எதற்கு? பதிவு இல்லாதவர் வழக்கில் மூன்றை நிரூபிக்க வேண்டும்: சந்தையில் தனக்குள்ள நற்பெயர், எதிராளி மக்களைக் குழப்பும்படி நடந்துகொண்டது, அதனால் வந்த அல்லது வரக்கூடிய இழப்பு. இதற்குப் பழைய பில் புத்தகங்கள், லேபிள் அச்சடித்த அச்சகத்தின் ரசீதுகள், விளம்பரங்கள், கணக்குத் தணிக்கை அறிக்கைகள் எல்லாம் வேண்டும். சிறு வணிகர் பலரிடம் இவை இருப்பதில்லை. பதிவு பெற்றவருக்கோ சான்றிதழே முதல்நிலைச் சாட்சி. அவர் உரிமை நாடு முழுவதும் செல்லும்; நற்பெயர் உள்ள ஊர்களோடு நின்றுவிடாது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் பலருக்கு நட்டம் தந்திருக்கிறது. ஜிஎஸ்டி எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், கம்பெனிப் பெயர்ப் பதிவு, இணைய முகவரி ஆகியவற்றில் எதுவும் வணிகச் சின்ன உரிமையைத் தராது. பெயர் புழங்கியதற்கு அவை சாட்சியாக உதவலாம், அவ்வளவே.

பெயரைத் தேர்தல்

பாதுகாப்பின் பாதி பெயர் வைக்கும்போதே முடிவாகிறது. பொருளின் தன்மையையோ தரத்தையோ ஊரையோ நேரடியாகச் சொல்லும் சொற்களை 9ஆம் பிரிவு பதிவுக்கு ஏற்பதில்லை. காபித்தூளுக்கு ‘நறுமணம்’ என்று பெயரிட்டால் அந்தச் சொல்லை மற்றக் காபி வணிகரும் பயன்படுத்த வேண்டியிருக்கும். நீண்ட காலப் பயன்பாட்டால் மக்கள் மனத்தில் ஒரே வணிகரோடு ஒட்டிக்கொண்ட சொல்லுக்கு மட்டும் விலக்கு உண்டு.

விளம்பரப் புகழ்ச்சொல்லை நம்பினால் என்ன நேரும் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு சான்று. ஐடிசி நிறுவனம் தன் நூடுல்ஸுக்கு ‘மேஜிக் மசாலா’ என்று சுவைப்பெயர் வைத்திருந்தது. நெஸ்லே ‘மேஜிக்கல் மசாலா’ என்று இறக்கியபோது ஐடிசி வழக்குத் தொடர்ந்தது. ‘மேஜிக்’ என்பது பொருளைப் புகழும் சொல், ‘மசாலா’ என்பது பொதுச்சொல். இரண்டையும் யாரும் தனியுடைமை ஆக்கிக்கொள்ள முடியாது என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அகராதியில் இல்லாத புனைசொல், அல்லது பொருளோடு தொடர்பே இல்லாத சொல்தான் வலுவான சின்னம். விற்பனையாளர்கள் இதை விரும்புவதில்லை. பொருளைச் சொல்லும் பெயர் முதல் நாளே விற்கும் என்பது அவர்கள் வாதம். அந்த வசதிக்கு விலை பின்னால் நீதிமன்றத்தில் கொடுக்கப்படுகிறது.

ஊர்ப்பெயரால் புகழ்பெற்ற பொருளுக்கு வேறொரு வழி உள்ளது. பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய் போன்றவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்த உரிமை தனி ஒருவருக்கு உரியதன்று. அந்தந்த வட்டாரத்தின் உற்பத்தியாளர்களுக்குப் பொதுவானது. அதற்கான பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது.

பதிவு நடைமுறை

பெயரை முடிவு செய்யுமுன் பதிவகத்தின் இணையதளத்தில் அதேபோன்ற பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும். எழுத்தில் மாறுபட்டு ஒலியில் ஒத்த பெயர்களையும் பார்ப்பது அவசியம். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன: முதல் 34 சரக்குகளுக்கு, எஞ்சிய 11 சேவைகளுக்கு. இனிப்பும் காபித்தூளும் மசாலாப் பொடியும் 30ஆம் வகுப்பு, ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29, ஆயத்த ஆடை 25, உணவகம் 43. அல்வா விற்பவர் நாளை உணவகமும் திறக்க நினைத்தால் இரண்டிலும் பதிவது நல்லது.

விண்ணப்பப் படிவம் டிஎம்-ஏ. 2017 விதிகளின்படி இணையவழிக் கட்டணம், தனிநபர், சிறுதொழில், ஸ்டார்ட்அப் ஆகியோருக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000 ரூபாய். சின்னம் எந்தத் தேதியிலிருந்து பயன்பாட்டில் உள்ளது என்று குறிப்பிட்டால் அதை உறுதிமொழிப் பத்திரத்தாலும் ஆவணங்களாலும் காட்ட வேண்டும். இந்தத் தேதியைக் கவனமின்றி நிரப்புவோர் உண்டு. பின்னாளில் யார் முந்தியவர் என்ற வழக்கு வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

பரிசோதகர் ஆட்சேபம் எழுப்பினால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஏற்கப்பட்ட சின்னம் வணிகச் சின்ன இதழில் வெளியாகும். வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். அதன் நகல் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பதாரர் எதிருரை தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். எதிர்ப்பு இல்லையென்றாலோ அது தோற்றாலோ பதிவு வழங்கப்படும்; விண்ணப்பித்த நாளிலிருந்தே உரிமை செல்லும். காலம் பத்தாண்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் பதிவு பெற்றபின்தான் போடலாம். பதிவுக்கு முன் ‘டிஎம்’ என்று போடத் தடையில்லை.

பதிவகத்தின் முடிவுகள்மீதான மேல்முறையீடுகளைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2003 முதல் விசாரித்து வந்தது. 2021இல் அது கலைக்கப்பட்டு, அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்குத் திரும்பியது. டெல்லியைத் தொடர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்திலும் இதற்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது.

உரிமை தேய்வது எப்படி

பதிவு செய்த சின்னத்தைத் தொடர்ந்து ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால், பாதிக்கப்பட்டவர் எவரும் 47ஆம் பிரிவின்கீழ் அதை நீக்கக் கோரலாம். இன்னொருவர் நல்லெண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்தும் ஒத்த சின்னத்தைத் தெரிந்தே ஐந்தாண்டு பொறுத்திருந்தவர், பிறகு அதை நீக்கவோ தடுக்கவோ முடியாது என்கிறது 33ஆம் பிரிவு. எதிராளி திட்டமிட்டே நகலெடுத்திருந்தால் நிலைமை வேறு: வழக்குத் தொடரத் தாமதித்தது மட்டுமே தடை உத்தரவை மறுக்கக் காரணமாகாது என்று ‘லக்ஷ்மண் ரேகா’ பூச்சிமருந்து வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

குடும்பத் தொழில்களில் வெளியாரைவிடச் சொந்தக்காரர்களால்தான் சின்னம் அதிகம் சிதைகிறது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது கட்டடமும் இயந்திரமும் பத்திரத்தில் ஏறும்; கடையின் பெயர் ஏறாது. பிறகு ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு கடைகள் நிற்கும். சின்னம் யாருக்கு, மற்றவர் எந்த அடைமொழியோடு எந்த ஊரில் பயன்படுத்தலாம் என்பதைப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ கூட்டு வணிகக் கலைப்புப் பத்திரத்திலோ எழுதிவிடுவது பல ஆண்டு வழக்கைத் தவிர்க்கும். கிளை உரிமம் கொடுப்பவர்களும் ஒப்பந்தத்தில் தரக் கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ள வேண்டும்.

எது மீறல்

அதே பெயரை அதே சரக்குக்குப் பயன்படுத்துவது அப்பட்டமான மீறல். அங்கே குழப்பத்தைத் தனியே நிரூபிக்கத் தேவையில்லை. ஒத்த பெயராக இருந்தால், சாதாரண வாங்குபவர் குழம்புவாரா என்பதே கேள்வி. அவர் இரண்டு பொட்டலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்லை. அரைகுறையாக நினைவில் நிற்கும் தோற்றத்தையும் ஒலியையும் கொண்டே வாங்குகிறார். 1962இல் ‘அமிர்ததாரா’, ‘லக்ஷ்மண்தாரா’ ஆகிய மருந்துப் பெயர்களையும், 1972இல் பார்லே பிஸ்கட் உறையையும் ஆராய்ந்தபோது உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலையே பயன்படுத்தியது. மருந்துகளில் கண்டிப்பு கூடுதல். மலேரியா மருந்துகளான ‘ஃபால்சிகோ’, ‘ஃபால்சிடாப்’ தொடர்பான 2001ஆம் ஆண்டு வழக்கில், பெயர்க் குழப்பம் உயிரையே பறிக்கலாம் என்பதால் சிறு ஒற்றுமையையும் கடுமையாகப் பார்க்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது.

ஒற்றுமை இருந்தாலே வெற்றி என்றும் கொள்ள முடியாது. கர்நாடகக் கூட்டுறவுப் பால் கூட்டமைப்பின் ‘நந்தினி’ பாலும், பெங்களூரின் ‘நந்தினி டீலக்ஸ்’ உணவகமும் மோதிய வழக்கில், சின்னங்களின் தோற்றமும் வணிகமும் வேறு என்று கூறி 2018இல் உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பதிவை அனுமதித்தது.

நடவடிக்கை எடுத்தல்

வழக்கமான முதல் படி வழக்கறிஞர் நோட்டீஸ். பல சிறு மீறல்கள் அதிலேயே முடிந்துவிடும். ஆதாரமின்றி மிரட்டினால், மிரட்டப்பட்டவர் 142ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம் என்பதால், முதலில் சான்றுகளைத் திரட்ட வேண்டும்: போலிப் பொருளைப் பில்லோடு வாங்கி வைப்பது, கடைப்பலகையைப் படமெடுப்பது, இணையப் பக்கத்தைச் சேமிப்பது.

உரிமையியல் வழக்கில் உண்மையான பலன் இறுதித் தீர்ப்பைவிட இடைக்காலத் தடையில்தான் இருக்கிறது. முதல் நோக்கில் வழக்கு வலுவாக உள்ளதா, தடையால் யாருக்கு அதிகச் சிரமம், பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு நேருமா என்ற மூன்றையும் நீதிமன்றம் எடைபோடும். போலிச் சரக்கை எதிராளி ஒளித்துவிடுவார் என்ற அச்சம் இருந்தால் அட்வகேட் கமிஷனரை நியமித்துக் கிடங்கைச் சோதிக்கவும் சரக்கை முத்திரையிடவும் உத்தரவு பெறலாம். பெயர் தெரியாத விற்பனையாளர்கள்மீது ‘அசோக் குமார்’ என்ற கற்பனைப் பெயரில் உத்தரவு பிறப்பிக்கும் வழக்கமும் உண்டு. இறுதியில் நிரந்தரத் தடை, இழப்பீடு அல்லது எதிராளி ஈட்டிய லாபம், போலி லேபிள்களை ஒப்படைத்தல் ஆகியவற்றைக் கோரலாம். பதிவு பெற்றவர் தன் தொழில் நடக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது.

போலிச் சின்னமிட்டு விற்பது குற்றமும் ஆகும்: ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். டிஎஸ்பி நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி வாரண்ட் இன்றியே சோதனையிட்டுப் பறிமுதல் செய்யலாம். அதற்குமுன் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். இந்த நிபந்தனை நேர்மையான வணிகரைப் பொய்ப் புகாரிலிருந்து காத்தாலும், அதற்குள் சரக்கு இடம் மாறிவிடும் ஆபத்தும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் போலிகளுக்கு 2007ஆம் ஆண்டு விதிகளின்படி சுங்கத்துறையில் சின்னத்தைப் பதிந்துவைத்தால் துறைமுகத்திலேயே நிறுத்தலாம்.

இணைய முகவரியும் வணிகச் சின்னத்தைப் போன்றே காக்கப்படும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘சிஃபி’ என்ற தன் பெயருக்காக அந்த வழக்கை நடத்தியது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே. இந்தியாவின் ‘.இன்’ முகவரிகள் பற்றிய தகராறுகளுக்கு நடுவர் முறை தனியே உள்ளது.

நாட்டு எல்லைக்கு அப்பால்

வணிகச் சின்ன உரிமை நாட்டெல்லையோடு நிற்கும். உலகப் புகழ் இருந்தாலும், அந்தந்த நாட்டுச் சந்தையில் நற்பெயர் இருந்ததைக் காட்ட வேண்டும். 1997இல் ஜப்பானில் ‘ப்ரியஸ்’ காரை இறக்கிய டொயோட்டா, அதே பெயரில் 2001 முதல் இந்தியாவில் உதிரிபாகம் விற்ற நிறுவனத்திடம் 2017இல் தோற்றது இதனால்தான். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் மசாலாவும் அப்பளமும் அனுப்பும் தமிழக ஏற்றுமதியாளர், அங்குள்ள இறக்குமதியாளர் தன் பெயரிலேயே சின்னத்தைப் பதிந்துகொள்ளுமுன் முந்திக்கொள்ள வேண்டும். இந்தியா 2013இல் மாட்ரிட் உடன்படிக்கையில் சேர்ந்தபின், இந்திய விண்ணப்பத்தையோ பதிவையோ அடிப்படையாகக் கொண்டு ஒரே மனுவில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படியே ஏற்கும் அல்லது மறுக்கும். முதல் ஐந்தாண்டுக்குள் இந்திய அடிப்படைப் பதிவு ரத்தானால் சர்வதேசப் பதிவும் அதோடு வீழும். மூன்று மாதத்துக்குள் அதை அந்தந்த நாட்டு விண்ணப்பமாக மாற்றிக்கொள்ளலாம்.