மணிக்கு யார் பதில் சொல்றது?

1/
போன மாசம் கீழவாஞ்சூரிலிருந்து ஒரு அம்மா வந்தாங்க. வலது கையில் ஆழமான நாய்க்கடி, ரத்தம் நிக்கல.
"தெரு நாயாம்மா?"
"இல்ல தம்பி, எங்க மணிதான். ஒம்போது வருஷமா வளக்குறோம். ஒரு குழந்தையைப் பார்த்துக்கூட உறுமினதில்ல."
அப்போ ஏன் கடிச்சுது?

2/
அன்னிக்குக் காலையில பார்சல் கொண்டுவந்த வேன், சந்துல பின்னால எடுக்கும்போது மணியோட பின்னங்கால் மேல ஏறிடுச்சு. அலறின நாயை அம்மா ஓடிப்போய்த் தூக்கியிருக்காங்க. வலியில் இருக்கும் நாய்க்கு வளர்த்த கை எது, வேற கை எதுன்னு தெரியாது. கடிச்சிடுச்சு.

வேன் ஓட்டின பையன் இறங்கி வந்து பார்த்திருக்கான். முகமெல்லாம் வெளுத்துப்போச்சாம். அதுக்குள்ள போன் அடிச்சிருக்கு, அடுத்த டெலிவரிக்கு நேரமாச்சுன்னு. கிளம்பிட்டான்.

3/
மகன் அந்த கம்பெனியோட கஸ்டமர் கேருக்குப் புகார் கொடுத்தார். மறுநாள் மெசேஜ் வந்தது: உங்கள் பார்சல் டெலிவரி ஆகிவிட்டது, உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.

மகனுக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. "அந்தப் பையன் அடுத்த தடவை வரட்டும் சார், அவன் காலை உடைக்கிறேன்."

ஊசி போட்டுக்கிட்டே அம்மா சொன்னாங்க: "எனக்குக் காசு வேணாம் தம்பி. யாராவது ஒருத்தர் வந்து, தப்பு எங்க மேலதான்னு சொல்லணும். அவ்வளவுதான்."

4/
இது ரொம்பச் சின்ன ஆசை மாதிரி தெரியும். ஆனா இதே கேள்வியை மனுஷன் ரொம்ப காலமா கேட்டுக்கிட்டு இருக்கான். அடிச்சவன் ஒருத்தன். பதில் சொல்ல வேண்டியவன் யாரு?

கொஞ்சம் வரலாறு பேசலாம் வாங்க. கடைசியில் மணி கதைக்குத் திரும்பி வருவோம்.

5/
மகாபாரதத்தின் தொடக்கப் பகுதியிலேயே ஒரு நாய் வழக்கு இருக்கு. ஜனமேஜயன் வேள்வி நடத்துறான். அங்கே ஒரு நாய்க்குட்டி வந்து நிக்குது. எதையும் நக்கல, எதையும் தொடல. ஆனாலும் ராஜாவோட தம்பிங்க மூணு பேரும் அதைப் போட்டு அடிக்கிறாங்க. குட்டி அழுதுக்கிட்டே தாய்கிட்ட ஓடுது.

தாய் சரமை நேரா வேள்விச் சாலைக்கே வந்து கேக்குது: என் பிள்ளை என்ன தப்பு செஞ்சான்? ஏன் அடிச்சீங்க?

யாரும் வாயைத் திறக்கல. அதுக்கப்புறம்தான் சரமை சாபம் கொடுக்குது. அந்தச் சாபத்தைப் போக்க ஆள் தேடி அலைஞ்சவன் யாரு? அடிச்ச தம்பிங்க இல்ல. வேள்வியை நடத்தின ஜனமேஜயன்.

அடிச்சாங்க என்பதோட கதை நிக்கல பாருங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லலை என்பதுதான் சாபம் வரைக்கும் கொண்டுபோச்சு.

6/
நம்ம பக்கத்து ஊர் திருவாரூர் கதை உங்களுக்குத் தெரியும். மனுநீதிச் சோழன் மகனோட தேர்ச்சக்கரத்துல கன்று செத்துப்போச்சு. தாய்ப்பசு வந்து மணியை அடிச்சது. ராஜா தன் மகனையே தேர்க்காலில் இட்டான்.

இதில் பலரும் மறந்துபோற ஒரு பகுதி பெரியபுராணத்தில் இருக்கு. ராஜா அந்தத் தண்டனையை நிறைவேத்தச் சொல்லி முதல்ல உத்தரவிட்டது ஒரு மந்திரிக்கு. இளவரசனைக் கொல்லவும் முடியாம, ராஜா சொல்லைத் தட்டவும் முடியாம, அந்த மந்திரி தன் உயிரையே விட்டுட்டார். அப்புறம்தான் ராஜா தானே தேரேறினான்.

தப்பு செஞ்சது ராஜா வீட்டுப் பிள்ளை. முதல்ல உயிர் போனது ஊழியருக்கு. இதை மனசுல வெச்சுக்கோங்க.

7/
இப்போ காரைக்காலுக்கு வருவோம். 1739-ல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினா நாகூர், அது பிரிட்டிஷ் இந்தியா. நடந்தே போற தூரத்துல ரெண்டு சட்டம்.

1804-ல் நெப்போலியன் காலத்தில் பிரான்சில் ஒரு சிவில் சட்டம் வந்தது. 1819-லிருந்து பிரெஞ்சு இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. அதோட 1384-ம் பிரிவு நம்ம கேள்விக்கு நேரடியா பதில் சொன்னது: வேலைக்காரர் தன் வேலையைச் செய்யும்போது யாருக்காவது நஷ்டம் உண்டாக்கினா, அதுக்கு அவரை வேலைக்கு வெச்ச முதலாளி பொறுப்பு.

அடுத்த பிரிவு 1385. ஒரு மிருகம் அடுத்தவருக்கு நஷ்டம் உண்டாக்கினா, அதை வளர்க்கிறவர் பொறுப்பு.

ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. வேனுக்கும் பொறுப்பு உண்டு, நாய்க்கும் பொறுப்பு உண்டு. அந்தப் பக்கம் ஆங்கிலேயச் சட்டத்திலும் ஊழியர் தப்புக்கு முதலாளி நஷ்டஈடு தரணும்கிற கொள்கை இருந்தது.

8/
இது ஏன் முக்கியம்னு 1832 பம்பாய் சொல்லும்.

தெரு நாய்களைக் கொல்ல பிரிட்டிஷ் நிர்வாகம் உத்தரவு போட்டது. ஒரு நாய்க்கு 8 அணா கூலி. எண்ணிக்கைக்குக் கூலின்னா என்ன ஆகும்? தெருவுல நாய் குறைஞ்சதும், பிடிக்கிறவங்க வீட்டு நாய்கள் மேலயும் கை வெச்சாங்க.

நாயைப் புனிதமா கருதுற பார்சிகள் கொதிச்சுப்போனாங்க. ஜூன் மாசத்தில் கலவரம், கடையடைப்பு. கொலாபாவில் இருந்த பட்டாளத்துக்குச் சாமான் போறதே நின்னுபோச்சு. அடி வாங்கினது யாரு? தெருவில் நின்ன நாய்பிடிக்காரங்களும் போலீஸ்காரங்களும். 8 அணா திட்டத்தைப் போட்டவங்க இல்ல.

அன்னிக்கு ஒரு நாய்க்கு 8 அணா. இன்னிக்கு ஒரு பார்சலுக்கு இவ்வளவு ரூபாய்.

9/
1860-ல் இந்திய தண்டனைச் சட்டம். மிருகத்தைக் கொன்னா, ஊனமாக்கினா தண்டனை உண்டு. ஆனா எப்படி? 428-ம் பிரிவு: 10 ரூபாயோ அதுக்கு மேலயோ மதிப்புள்ள மிருகம்னா 2 வருஷம் வரை சிறை. 429: மாடு, குதிரை போன்றவை அல்லது 50 ரூபாயோ அதுக்கு மேலயோ மதிப்புள்ள எந்த மிருகமும்னா 5 வருஷம் வரை.

அதாவது உங்க நாய்க்கு வலிச்சுதாங்கிறது கேள்வியே இல்லை. உங்க நாய் என்ன விலை? நாட்டு நாயை எவன் விலைக்கு வாங்குறான்?

10/
வலியைப் பத்திப் பேசினது ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை உருவாக்கினவர். 1952-ல் மாநிலங்களவைக்குப் போய், மிருகவதைத் தடுப்புக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும்னு நேரு சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. அடிக்கிறது, உதைக்கிறது, தேவையில்லாம வலி கொடுக்கிறது, எல்லாமே குற்றம்.

முதல் தடவைக்கு அபராதம்? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தொகை இன்னும் அதேதான்.

11/
நாய் வளர்க்கிறவரோட மனசைப் பத்தி யாராவது யோசிச்சாங்களா? யோசிச்சாங்க. பிரான்சில்.

லூனுஸ்னு ஒரு பந்தயக் குதிரை. லாயத்தில் மின்சாரம் தாக்கிச் செத்துப்போச்சு. உரிமையாளர் குதிரை விலையோட சேர்த்து, அதை இழந்த துக்கத்துக்கும் இழப்பீடு கேட்டார். 1962 ஜனவரி 16-ல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கிட்டது. பண நஷ்டம் வேற, பாசத்தோட நஷ்டம் வேற, ரெண்டுக்கும் கேக்கலாம்னு.

தேதியைக் கவனிங்க. காரைக்கால் 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்கு வந்துடுச்சு. ஆனா சட்டப்படி முழுசா இந்தியாவோட சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்தத் தீர்ப்புக்குச் சரியா 7 மாசம் கழிச்சு. அதுக்கப்புறம் இந்திய தண்டனைச் சட்டம் இங்கே வந்தது, 10 ரூபாய், 50 ரூபாய் கணக்கோட.

12/
இப்போ நம்ம காலம். மகாராஷ்டிரா, சந்திரப்பூர். 2013-ல் ஒரு வீட்டு நாய் பள்ளிப் பேருந்தில் அடிபட்டுச் செத்துப்போச்சு. வளர்த்தவர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனார். பல வருஷம் கழிச்சு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இழப்பீடு கிடைச்சது. கொடுக்கச் சொன்னது யாரை? பேருந்து உரிமையாளரையும் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும்.

13/
இதுக்கு நேர் எதிர் கதை மும்பை, 2020 ஏப்ரல். சாப்பாடு டெலிவரி பண்ணின ஒரு கல்லூரி மாணவனோட பைக்கில் தெரு நாய் ஒண்ணு அடிபட்டுச் செத்துப்போச்சு. பையனும் விழுந்து அடிபட்டான். நாய்க்குச் சாப்பாடு போடுறவர் புகார் கொடுத்தார். போலீஸ் 429 உட்பட பல பிரிவுகளில் வழக்கு போட்டாங்க.

2022 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செஞ்சது. நாயைப் பிள்ளை மாதிரி நினைக்கிறது சரி, ஆனா மனித உயிருக்கான பிரிவுகளை நாய்க்குப் போட முடியாது. கெடுக்கணும்கிற எண்ணம் இல்லாதப்போ 429-ம் பொருந்தாது. அந்த மாணவனுக்கு 20,000 ரூபாய் கொடுத்து, அதை வழக்குப் போட்ட அதிகாரிகள்கிட்ட வசூல் பண்ணச் சொன்னது நீதிமன்றம்.

14/
இன்னொண்ணையும் சொல்லியே ஆகணும். 2023 ஜனவரி, ஹைதராபாத். டெலிவரிக்குப் போன 23 வயசுப் பையனை அந்த வீட்டு நாய் துரத்த, பயத்துல மாடியிலிருந்து குதிச்சுச் செத்துப்போனான்.

ஆகவே நாய் வளர்க்கிற நண்பர்களே, பார்சல் வர்ற நேரத்துல நாயைக் கட்டிவைங்க. 1385-ம் பிரிவு சொன்ன பாடம் நமக்குத்தான்.

15/
இந்த ரெண்டு பொறுப்பும் குழம்பக் கூடாது. மருத்துவமனை உதாரணம் சொன்னா எளிதா புரியும்.

ஒரு நர்ஸ் தப்பான ஊசி போட்டு ஒரு குழந்தையோட மூளை பாதிக்கப்பட்ட வழக்கு 1998-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மருத்துவமனைதான் பொறுப்புன்னு சொன்னாங்க. குழந்தைக்குத் தனியா, பெத்தவங்களோட மனவேதனைக்குத் தனியா இழப்பீடு. "அது நர்ஸோட தப்பு, எங்களுக்குத் தெரியாது"ன்னு எந்த மருத்துவமனையும் கையைக் கழுவ முடியாது.

வேணும்னே அடிச்சா அது குற்றம். அடிச்ச ஆள்தான் தண்டனை வாங்கணும். 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 325-ம் பிரிவு: கொன்னாலோ ஊனமாக்கினாலோ 5 வருஷம் வரை சிறை. இதில் 10 ரூபாய், 50 ரூபாய் கணக்கு கிடையாது. நாட்டு நாயும் ஒண்ணுதான், ராஜபாளையமும் ஒண்ணுதான்.

கவனக்குறைவால நடந்தா அது நஷ்டஈட்டு விஷயம். அதுக்குக் கம்பெனியைக் கேக்கணும். "அவர் எங்க ஊழியர் இல்ல, டெலிவரி பார்ட்னர்"னு சொல்வாங்க. எழுத்துல சொல்லச் சொல்லுங்க.

16/
உங்க வீட்டில் இப்படி நடந்தா:

முதல்ல நாயை வெறுங்கையால தூக்காதீங்க. வாயைத் துணியால தளர்வா கட்டி, போர்வையிலோ பலகையிலோ வெச்சு எடுங்க. மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ வாயைக் கட்டக் கூடாது.

கடிபட்டா ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. "நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே"ன்னு விடாதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க. ரத்தம் வந்த கடின்னா தடுப்பூசியோட, காயத்துக்குள்ள போடுற இம்யூனோகுளோபுலினும் தேவை.

கால்நடை மருத்துவர்கிட்ட காயத்தை எழுத்துல வாங்குங்க. பில், போட்டோ, வண்டி நம்பர், சிசிடிவி, பார்சல் விவரம் எல்லாத்தையும் பத்திரப்படுத்துங்க.

கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்ட்ல கடிதம். பார்சல் உங்களுக்கு வந்ததுன்னா 1915 நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷம் அவகாசம். வண்டி மோதினதுன்னா விபத்துத் தீர்ப்பாயத்தைப் பத்தி வக்கீல்கிட்ட கேளுங்க.

17/
மணிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. காலை எடுக்க வேண்டியதாப் போச்சு. மூணு கால்ல நடக்கப் பழகிடுச்சு. அம்மாவுக்குத் தடுப்பூசி முழுசா போட்டாச்சு. நல்லா இருக்காங்க.

மூணாம் நாள் அந்த வேன் பையன் வந்தானாம். வாசலிலேயே நின்னுட்டு உள்ள வரல. மகன் கோபமா எழுந்தப்போ, அம்மா அவர் கையைப் பிடிச்சு உக்கார வெச்சிருக்காங்க.

"தெரியாம நடந்துபோச்சும்மா. அன்னிக்கு நின்னிருக்கணும். இன்னும் 40 டெலிவரி பாக்கி இருந்துச்சு."

அம்மா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாங்க.

18/
கடிதம் போய் மூணு வாரம் ஆச்சு. ஒப்புகை அட்டை திரும்பி வந்துடுச்சு, கடிதம் அவங்க கையில கிடைச்சாச்சு. கம்பெனியிலிருந்து பதில் இன்னும் வரல.

பதில் சொல்ல வேண்டியவங்களை விட்டுட்டு, வந்து நின்ன பையன் காலை உடைச்சிருந்தா, திருவாரூர் மந்திரி கதைதான் மறுபடியும் நடந்திருக்கும்.

அடுத்தது நுகர்வோர் ஆணையம். மகனே மனு எழுதிக்கிட்டு இருக்கார். பதில் வந்தா இதே இழையில் சொல்றேன்.

அதுவரைக்கும் வேன் பின்னால வரும்போது நாயைப் பிடிச்சுக்கோங்க. பார்சல் கொண்டுவர்ற பிள்ளைக்கு ஒரு சொம்பு தண்ணி கொடுங்க.