மிசோபோனியா ஆய்வும் கணினிச் செவியும்

பக்கத்தில் இருப்பவர் உணவை மெல்லும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம், பேனாவின் தலையை விடாமல் அழுத்தும் சத்தம் ஆகியவை பலர் காதில் விழுவதே இல்லை. ஆனால், சிலருக்கு இவற்றைக் கேட்டவுடன் கோபம் மூளும், நெஞ்சு படபடக்கும், அந்த இடத்தை விட்டே ஓடிவிடலாமா என்றிருக்கும். இந்நிலைக்கு மிசோபோனியா என்று பெயர். வீட்டாரோடு ஒரே பந்தியில் உட்கார முடியாத இவர்களின் துன்பம் நெடுங்காலம் வெறும் முன்கோபமாகவே பார்க்கப்பட்டது.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த செவியியலாளர் மார்ஷா ஜான்சன் இத்தகையோரைத் தனி வகையினராக அடையாளம் கண்டார். 2001இல் மார்கரெட் ஜாஸ்ட்ரபாஃப், பாவெல் ஜாஸ்ட்ரபாஃப் இணையர் இன்றைய பெயரைச் சூட்டினர். கிரேக்கத்தில் 'மிசோஸ்' என்பது வெறுப்பையும் 'போனே' என்பது குரலையும் குறிக்கும். பெயர் முற்றிலும் பொருத்தமானது என்று சொல்வதற்கில்லை. இவர்கள் எல்லா ஒலிகளையும் வெறுப்பவர்கள் அல்லர். குறிப்பிட்ட சில ஒலிகளே இவர்களை வருத்துகின்றன.

அப்படியானால் குற்றம் ஒலியிலா, காதிலா, அதற்கும் அப்பாலா? இதைப் பிரித்தறிய, ஓர் ஒலியிலிருந்து காது மூளைக்கு என்ன அனுப்புகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். காக்ளியாவின் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கு ஒத்ததிர்கிறது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் எழுதினார். அங்கே ஒலி அலையாக ஓடுவதைக் கண்டறிந்த பெகெஷி 1961இல் நோபல் பரிசு பெற்றார். 1982இல் ரிச்சர்ட் லயன் காக்ளியாவின் செயலைக் கணினிக்கான மாதிரியாக்கினார். இத்தகைய மாதிரியில் பல வடிப்பான்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு சிறு அதிர்வெண் பட்டையை மட்டும் உள்ளே விடும். பின்னர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஷிகாப் ஷம்மா குழுவினர் மற்றொரு படியைச் சேர்த்தனர். ஒவ்வொரு பட்டையிலும் ஒலி எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதை அந்தப் படி அளக்கிறது.

கரும்பலகையில் நகத்தால் கீறும் ஒலி ஏன் உடலைக் கூசச் செய்கிறது? 1986இல் ஹால்பெர்ன், பிளேக், ஹில்லன்பிராண்ட் ஆகிய மூவர், இத்தகைய ஒலியின் உயர் அதிர்வெண்களை நீக்கிப் பார்த்தனர். கூச்சம் குறையவில்லை. 2008இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் சுக்பிந்தர் குமார் குழுவினர் பல வகை ஒலிகளைச் செவி மாதிரிக்குள் செலுத்தி, கேட்டவர்கள் தந்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டனர். 2,500 முதல் 5,500 ஹெர்ட்ஸ் வரை ஆற்றல் மிகுந்து, நொடிக்கு 1 முதல் 16 முறை ஏறி இறங்கும் ஒலிகளே மிகவும் வெறுக்கப்பட்டன. இவ்விரு ஆய்வுகளும் பொதுவான கேட்போரைப் பற்றியவை என்பதை மறக்கக்கூடாது.

மிசோபோனியாவுக்கு இந்த விளக்கம் போதவில்லை. மெல்லும் ஒலி அலறலைப் போன்றது அன்று, பெரும்பாலும் மெல்லியது. மேலும், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் பங்கேற்ற கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு 2013இல் வெளியானது. அதில் நேர்காணப்பட்ட பலர், தாமே எழுப்பும்போது அதே ஒலி தம்மை வருத்துவதில்லை என்றனர். குழந்தையோ விலங்கோ எழுப்பினாலும் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

2017இல் அதே குமார் குழுவினர் மூளையைப் படமெடுத்தனர். மழை போன்ற சாதாரண ஒலிகளுக்கும், அலறல் போன்ற வெறுப்பூட்டும் ஒலிகளுக்கும் மிசோபோனியர்கள் மற்றவர்களைப் போலவே எதிர்வினை காட்டினர். தம்மைத் தூண்டும் ஒலிகளுக்கு மட்டும் முன் இன்சுலா என்னும் பகுதி மிகுதியாகச் செயல்பட்டது, இதயத்துடிப்பும் ஏறியது. 2021இல் வந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. தூண்டும் ஒலிக்குச் செவிப்புறணி காட்டிய செயல்பாட்டில் இரு தரப்பினருக்கும் வேறுபாடு இல்லை. வாய், முகம் ஆகியவற்றை அசைக்கும் மூளைப் பகுதியோடு உள்ள இணைப்புத்தான் மிசோபோனியர்களிடம் வலுவாக இருந்தது. முன்கோபம் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இது சிறிய ஆறுதல் அன்று. 2022இல் அறிஞர் குழு ஒன்று இதனை ஒரு கோளாறாக ஏற்று, ஒருமித்த வரையறையையும் வெளியிட்டது.

இதனால் கணினிச் செவிக்கு வேலை இல்லாமற் போகவில்லை. வெறுப்பில் எவ்வளவு பங்கு ஒலியின் இயல்பால் வருகிறது என்று கழித்துப் பார்க்க அதுவே அளவுகோல். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெறுப்பூட்டும் ஒலியோடு இனிமையான வேறொரு செயலின் காணொளியைப் பொருத்திக் காட்டினர். பார்த்தவர்களுக்கு அந்த ஒலியின் மீதிருந்த வெறுப்புக் குறைந்தது. அதே ஒலியைக் கணினிச் செவியிடம் இரண்டு முறை கொடுத்தாலும் ஒரே விடைதான் வரும்.