வகுப்பறையில் கரைந்த துவேஷம்

சிறுவர் உள்ளத்தில் வேற்றாரிடம் மூண்டுவிட்ட துவேஷத்தை நீதி போதனையால் போக்கிவிடலாம் என்று உபாத்தியாயர்கள் நெடுங்காலம் நம்பிவந்தார்கள். அந்த நம்பிக்கை தளர்ந்து, போதிக்கும் பொருளைவிடப் போதிக்கும் முறையிலேயே பரிகாரம் இருக்கிறது என்ற தெளிவு பிறந்த சரித்திரம் மிகப் பழையதன்று.

நிறத்தின் பேரால் மாணவரைப் பிரித்து வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1954-ஆம் ஆண்டிலேயே, ஹார்வர்டு பேராசிரியர் கார்டன் ஆல்போர்ட், துவேஷத்தின் இயல்பை ஆராய்ந்த தம் நூலை வெளியிட்டு, இரு சாரார் அருகருகே இருந்துவிட்டால் மட்டும் பகை தீராது, சம அந்தஸ்தும் பொது லட்சியமும் கூட்டு முயற்சியும் மேலிடத்து ஆதரவும் ஒருங்கே அமைந்தால்தான் தீரும் என்று வற்புறுத்தினார்.

அவர் கூற்றின் உண்மை 1971-ல் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் வெளிப்பட்டது. வெள்ளையர், கறுப்பர், மெக்ஸிகோ வம்சத்தார் ஆகியோரின் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்ததும் கைகலப்பு மூளவே, உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்ஸனின் உதவி நாடப்பட்டது. ஆசிரியரின் கேள்விக்கு முந்திக்கொண்டு கைதூக்கும் போட்டியே பகைக்கு நீர் வார்ப்பதைக் கண்ட அவர், ஐந்தாம் வகுப்புக்குரிய ஜோசப் புலிட்சரின் வரலாற்றை ஆறு பத்திகளாக்கி, ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கொரு பத்தியாகப் பகிர்ந்தளித்தார். ஹங்கேரியிலிருந்து குடியேறிப் பத்திரிகை அதிபரான அம்மனிதரின் கதையை முழுதும் அறியவேண்டுமானால், ஆங்கிலம் தடுமாறும் மெக்ஸிகோ வம்சத்துப் பையனிடமுள்ள பத்தியையும் அவன் வாயால் கேட்டே தீரவேண்டும். பரீட்சையோ எல்லாருக்கும் உண்டு. முதலில் பரிகசித்தவர்கள், பரிகாசத்தால் மதிப்பெண் வராது என்று உணர்ந்ததும், அவனுக்குப் பேச்சு வரும்படி கேள்வி கேட்கப் பழகினார்கள். பழக்கம் நாளடைவில் மதிப்பாக மாறிற்று.

இம்முறையை அகதிகள்பால் உள்ள துவேஷத்துக்குப் பயன்படுத்துவதிலோ ஓர் இடையூறு உண்டு: பல பள்ளிகளில், உடனிருந்து பாடம் பகிர்ந்துகொள்ள அகதிப் பிள்ளை ஒருவனும் இருப்பதில்லை. நம்மவர் ஒருவர் வேற்றாரோடு சிநேகம் பூண்டிருப்பதை அறிந்தாலே மனம் இளகும் என்று ஸ்டீபன் ரைட்டும் அவருடைய சகாக்களும் 1997-ல் எடுத்துக்காட்டியது இங்கே கைகொடுத்தது. இங்கிலாந்தில் லிண்ட்ஸி கேமரன், ஆடம் ரட்லண்ட் முதலியோர், 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, ஆங்கிலேயக் குழந்தையும் அகதிக் குழந்தையும் நட்புக் கொண்ட கதைகளை வாரந்தோறும் வாசித்துக்காட்டி, அவற்றைப் பற்றி உரையாடச் செய்து, 2006-ல் முடிவை வெளியிட்டனர். கதை கேட்ட பிள்ளைகளிடம் அகதிகள்பால் நல்லெண்ணம் மிகுந்திருந்தது. அதிலும், அகதிக் குழந்தை தன் அடையாளத்தைத் துறவாமலே அதே பள்ளியின் மாணவனாகவும் விளங்கிய கதைகளே அதிகப் பலன் தந்தன. வந்தவன் நம்மைப்போல் ஆனபிறகே அவனை ஏற்போம் என்னும் நிபந்தனையைப் பெரியவர்கள் விதிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை.