சாகப் போன ஊரிலிருந்து திரும்பி வந்த டாக்டர்

எங்க பெரியம்மாவுக்கு இருபது வருஷமா சர்க்கரை. இனிமே மாத்திரை போதாது, இன்சுலின் போட்டுக்கணும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு ராத்திரி அவங்க சாப்பிடவே இல்லை. "ஊசிக்கு வந்துட்டேன்டா, இனிமே எத்தனை நாளோ" என்று ஒரே புலம்பல். உங்க வீட்டிலேயும் இந்த வசனம் ஓடியிருக்கும். நம்ம ஊர்ல இன்சுலின்னா கடைசி ஸ்டேஷன் என்று ஒரு நினைப்பு. அவங்களைச் சமாதானப்படுத்த நான் சொன்ன கதைதான் இது. ஆள் பெயர் ராபின் லாரன்ஸ். லண்டன் டாக்டர்.

1892-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் படித்துவிட்டு, லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சேர்ந்தார். 1920-ல் ஒரு நாள், காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் செய்யும் ஆபரேஷனைப் பிணத்தின் மேல் பழகிக் கொண்டிருக்கிறார். உளியும் சுத்தியலுமாக வேலை. ஒரு எலும்புச் சில்லு தெறித்து வலது கண்ணில் அடித்துவிட்டது. கண்ணில் சீழ் வைத்து, படுக்கையில் கிடந்தபோது சிறுநீரைச் சோதித்தார்கள். சர்க்கரை!

அப்போ வயசு முப்பதுகூட ஆகலை. இது பெரியம்மாவுக்கு வந்த மாதிரி வயசான காலத்துச் சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலினே சுரக்காமல் போகிற வகை. 1920-ல் அதற்கு மருந்தே கிடையாது. அந்தக் காலத்துச் சர்க்கரை டாக்டரின் வேலை, உண்மையில் சாகப் போகிறவரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதுதான்.

இருந்த ஒரே வழி பட்டினி. அமெரிக்காவில் ஃப்ரெடெரிக் ஆலன் என்ற டாக்டர் கொண்டுவந்த முறை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனால் சிறுநீரில் சர்க்கரை நிற்கும், ஆளும் இன்னும் கொஞ்ச நாள் தாங்குவார். எலிசபெத் ஹ்யூஸ் என்ற சிறுமி (அப்பா அமெரிக்க வெளியுறவு அமைச்சர்) இந்த வைத்தியத்தில் பதினைந்து வயசில் இருபது கிலோ சொச்சம்தான் இருந்தாள். படம் பார்த்தால் சாப்பாடு இறங்காது. சர்க்கரையால் சாவதா, பட்டினியால் சாவதா, எது மெதுவாக வரும் என்று கணக்குப் போட்ட காலம் அது. ஆலனைத் திட்டத் தோன்றும். ஆனால் அப்படி இழுத்துப் பிடித்திருந்ததால்தான் அந்தப் பெண் 1922 ஆகஸ்டில் இன்சுலின் கைக்கு வரும்வரை உயிரோடு இருந்தாள். அப்புறம் 1981 வரை இருந்தாள்!

லாரன்ஸுக்கும் அதே பட்டினிதான். கண் போனதால் அறுவை வைத்தியக் கனவும் போச்சு. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். அப்புறம் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குப் போய்விட்டார். அங்கே இருந்த ஆங்கிலேயர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே மிச்ச நாளைக் கழிக்கலாம் என்று. தான் சாவதை வீட்டார் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதும் ஒரு காரணம். இந்த இடம்தான் எனக்கு மனசைப் பிசையும். எல்லோருக்கும் சாவு பயம் இருக்கும், இந்த மனுஷனுக்கு அம்மா அப்பா பார்த்துவிடுவார்களே என்ற பயம்.

இதற்கிடையில் 1921-ல் கனடாவின் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களை வைத்துச் செய்த வேலை பலித்துவிட்டது. 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயசுப் பையனுக்கு முதல் ஊசி. அது மெதுவாக லண்டனுக்கும் வந்தது.

ஃப்ளாரன்ஸில் அந்தக் குளிர்காலம் லாரன்ஸுக்கு மார்புச்சளி கட்டி, நிலைமை மோசம். கை கால் நரம்பெல்லாம் தளர்ந்துவிட்டது. அப்போதுதான் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஹாரிசன் என்ற நண்பர் செய்தி அனுப்பினார்: இன்சுலின் கிடைத்துவிட்டது, வேலை செய்கிறது, சீக்கிரம் வா. நிற்கவே தெம்பில்லாத ஆள் காரிலேயே ஐரோப்பாவைக் கடந்து 1923 மே 28-ம் தேதி லண்டன் வந்து சேர்ந்தார். மே 31 அன்று முதல் ஊசி.

இங்கேயே கதை முடிந்திருந்தால்கூட நல்ல கதைதான். ஆனால் இவர் பிழைத்ததோடு நிற்கவில்லை. அதே ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கென்று ஒரு பெரிய பிரிவை வளர்த்தார். தன் உடம்பே சோதனைக்கூடம். ஓடியாடி உழைத்தால் இன்சுலின் வேகமாக வேலை செய்து சர்க்கரை இறங்கிவிடுகிறது என்று 1926-லேயே எழுதியிருக்கிறார். 1925-ல் 'தி டயபெடிக் லைஃப்' என்ற புத்தகம், டாக்டருக்கும் நோயாளிக்கும் சேர்த்து. சாப்பாட்டைக் கறுப்புப் பங்கு, சிவப்புப் பங்கு என்று பிரித்தார். கறுப்பு மாவுச்சத்து, சிவப்பு புரதமும் கொழுப்பும். இத்தனை கறுப்புக்கு இத்தனை சிவப்பு, அவ்வளவுதான் கணக்கு. நோயாளிக்குப் புரியாது என்று எல்லாவற்றையும் டாக்டரே வைத்துக்கொள்ளாமல், அளவை அவர் கையிலேயே கொடுத்தார் பாருங்க, அதுதான் பெரிய விஷயம் என்பது என் கட்சி.

அவரிடம் வந்த நோயாளிகளில் ஒருவர் எச்.ஜி.வெல்ஸ். ஆமாம், கால இயந்திரக் கதை எழுதினாரே, அவரேதான். இரண்டு பேரும் சேர்ந்து 1934-ல் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு டயபெடிஸ் யூகே என்ற பெயரில் இருப்பது அதுதான். 1950-ல் உலக அளவில் கூட்டமைப்பு வந்தபோது முதல் தலைவரும் லாரன்ஸ்தான்.

கல்யாணம் பண்ணி மூன்று பையன்கள். 1968 ஆகஸ்டில் காலமானபோது வயசு 75. ஊசி போட்டுக்கொண்டு 45 வருஷம். அதுவும் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, மழுங்கிப் போன ஊசியைத் தீட்டித் தீட்டிப் போட்ட காலத்தில் ஆரம்பித்து.

எல்லாம் பெரியம்மாவுக்கு விலாவாரியாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவங்க கடைசியில், "அது சரி, சிவப்புப் பங்கு கறுப்புப் பங்குன்னியே, அதுல இட்லி எத்தனைடா வரும்?" என்றார்கள். ஊசி மறுநாள் காலையில் போட்டாச்சு :-)