அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் எழவில்லையா? பழைய கெர்னல் உள்ளேதான் இருக்கிறது

ஜொகூரின் கூலாய், செடெனாக் பக்கம் முளைத்திருக்கும் தரவு மையங்களுக்கும் ஸ்கூடாயில் படிக்கும் ஒரு மாணவரின் மடிக்கணினிக்கும் பொதுவாக ஒரு தலைவலி வரலாம். லினக்ஸ் கெர்னலை அப்டேட் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால், வெறும் கறுப்புத் திரை!

பதறி உடனே ஃபார்மட் பண்ண வேண்டாம். உபுண்டு புதிய கெர்னலை நிறுவும்போது முந்தையதைத் தூக்கி எறிவதில்லை. ஃபெடோரா வழக்கமாக மூன்றை வைத்திருக்கும். அவற்றில் எதை ஏற்றுவது என்பதை 'கிரப்' என்ற பூட் லோடர் முடிவு செய்கிறது.

கணினியைத் திறந்ததும் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள் (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள்). மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், முந்தைய எண் கொண்ட கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் கணினி எழுந்துவிடும். ஆனால் இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான்.

நிலையாக மாற்ற, 'இடிசி' அடைவின் 'டிஃபால்ட்' பகுதியில் உள்ள கிரப் கோப்பைத் திருத்த வேண்டும். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். மெனுவில் எத்தனையாவது வரி என்று எண்ணி, அந்த எண்ணை எழுதிவிடுவார்கள். இன்றைக்கு வேலை செய்யும். அடுத்த கெர்னல் வந்ததும் பட்டியல் ஒரு படி கீழே இறங்கும். அதே எண் இப்போது வேறொரு கெர்னலைக் காட்டும். அதனால் எண் வேண்டாம், அந்தப் பதிவின் அடையாளப் பெயரை எழுதுங்கள். பிறகு 'அப்டேட்-கிரப்' கட்டளை கொடுத்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். 'கிரப்.சிஎஃப்ஜி' கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தக் கட்டளை ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக எழுதிவிடும்.

எங்கோ இருக்கும் சர்வர் என்றால்? மெனுவைப் பார்த்து விசையைத் தட்ட பக்கத்தில் ஆள் இருக்காது. அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. இயல்புநிலையை 'சேவ்டு' என வைத்து, பழைய கெர்னலை அதில் பதிந்துவிடுங்கள். புதியதை 'கிரப்-ரீபூட்' மூலம் ஒரே ஒரு தடவை மட்டும் ஏற்றுங்கள். கெர்னல் அளவுருவில் 'பேனிக்=10' சேர்த்திருந்தால், கெர்னல் பேனிக் ஆனாலும் 10 விநாடியில் தானாக ரீஸ்டார்ட் ஆகிப் பழையதுக்கே திரும்பும். ஆனால் 'பூட்' பகுதி எல்விஎம் மேல் இருந்தால் கிரப்பால் அங்கே எழுத முடியாது, இந்த வித்தை பலிக்காது.

அதுக்காகப் பழைய கெர்னலிலேயே காலத்தை ஓட்டலாமா? கூடாது. 2022-இல் வெளிவந்த 'டர்ட்டி பைப்' ஓட்டை கெர்னல் 5.8 முதல் இருந்தது. சாதாரணப் பயனர்கூட அதன் வழியே ரூட் அதிகாரத்தைப் பிடிக்க முடிந்தது. 5.16.11, 5.15.25, 5.10.102 பதிப்புகளில்தான் அது அடைக்கப்பட்டது.

இன்னொன்று. 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, இரண்டையும் சேர்த்து வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸைத் திறக்கவிடவில்லை. அங்கே சிக்கல் செக்யூர் பூட்டில். கிரப் மெனுவே வராது என்பதால் பழைய கெர்னலும் கைகொடுக்காது.