கிரிட்டிக்கல் (ஆங்கில அணுவியல் வழக்கு)

கிரிட்டிக்கல் என்பது அணுப்பிளவுத் தொடர்வினை கூடாமலும் குறையாமலும் தானாகத் தொடரும் நிலையைக் குறிக்கும் ஆங்கிலக் கலைச்சொல். தமிழ்ப் பாடநூல்களில் இது மாறுநிலை. ஒரு தலைமுறை நியூட்ரான்களின் எண்ணிக்கையை முந்தைய தலைமுறையின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது பெருக்கக் காரணி. அது சரியாக 1 என்றால் கிரிட்டிக்கல், குறைந்தால் சப்கிரிட்டிக்கல், கூடினால் சூப்பர்கிரிட்டிக்கல்.

ஆங்கில நாளேடுகளும் திரைக்கதைகளும் 'ரியாக்டர் வெண்ட் கிரிட்டிக்கல்' என்ற தொடரைப் பேராபத்தின் அறிவிப்பாக எழுதுவது பரவலான பிழை. மருத்துவமனைச் செய்திகளில் உயிருக்குப் போராடும் நோயாளியைக் குறிக்கும் அதே அடைமொழி இந்தக் குழப்பத்துக்கு இடம் தருகிறது. அணுவியலில் அத்தொடர் சொல்வது, உலை இயங்கத் தொடங்கிவிட்டது என்பதை மட்டுமே. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் சொற்தொகுதியும் கிரிட்டிக்காலிட்டியை உலையின் இயல்பான இயக்கநிலை என்றே வரையறுக்கிறது. அச்சத்தை ஊட்டும் தலைப்புக்காக இந்தப் பொருளைத் திரிப்பது வாசகருக்குச் செய்யும் அநீதி.

இச்சொல் உலையின் திறனைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மி குழுவினரின் முதல் உலை கிரிட்டிக்கல் ஆனபோது அதன் திறன் சுமார் அரை வாட். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் முதல் அலகு 2013 ஜூலையில் இந்நிலையை எட்டியது. மின்தொகுப்பில் அது இணைந்தது அக்டோபரில்தான். ஆகவே கிரிட்டிக்கல் ஆன செய்தியை மின்னுற்பத்தி தொடங்கிய செய்தியாக எழுதுவதும் தவறு.

சூப்பர்கிரிட்டிக்கல் என்றாலும் வெடிப்பு அல்ல. திறனை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் உலை சிறிது நேரம் அந்நிலையில்தான் இருக்கும். யுரேனியம்-235 பிளவில் சுமார் 0.65 சதவீத நியூட்ரான்கள் தாமதமாக வெளிவருவதால் கட்டுப்படுத்த அவகாசம் கிடைக்கிறது. அவற்றின் துணையின்றி உடனடி நியூட்ரான்களாலேயே தொடர்வினை நிலைபெற்றால் அது பிராம்ப்ட் கிரிட்டிக்கல். அணுமின் உலைகளைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டிய சொல் இதுதான். 1961 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில் எஸ்எல்-1 உலையின் கட்டுப்பாட்டுத் தண்டு அளவுக்கு மீறி வெளியே இழுக்கப்பட்டதில் நேர்ந்தது அதுவே. மூவர் இறந்தனர்.

உலைக்கு வெளியே பொருள் நேரெதிராகிறது. எரிபொருள் ஆலைகளில் கிரிட்டிக்காலிட்டி ஒருபோதும் நேரக்கூடாத ஒன்று. 1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் தொக்கைமுராவில் வரம்புக்கு மேல் யுரேனியக் கரைசலை ஒரே தொட்டியில் ஊற்றியதால் தொடர்வினை மூண்டது. தொழிலாளர் இருவர் கதிர்வீச்சால் மாண்டனர். இத்தகைய நிகழ்வைக் 'கிரிட்டிக்காலிட்டி ஆக்சிடென்ட்' என்று முழுமையாக எழுதுவதே முறை. இரண்டாம் சொல்லை விட்டுவிட்டால், விபத்துக்கும் உலையின் அன்றாட இயக்கத்துக்கும் எழுத்தில் வேறுபாடு இராது.

நிலக்கரி மின்நிலையங்களில் வழங்கும் சூப்பர்கிரிட்டிக்கல் வேறு. அது நீர் 374 பாகை செல்சியசுக்கும் 221 பார் அழுத்தத்துக்கும் மேற்பட்ட நிலையில் இருப்பதைச் சுட்டும். நியூட்ரானோடு தொடர்பில்லை.